சிறிய தனியார் நிறுவனங்கள் சொத்து மதிப்பை ஏன் குறைத்து எழுதுகின்றன? கணக்குக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆண்டு முடிவு நெருங்கும்போது தவறாமல் கேட்பது இது: "மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, சரக்கும் குடோனில்தானே இருக்கிறது? பிறகு ஏன் நாமே நம் சொத்தைக் குறைத்துக் காட்டி லாபத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" நியாயமான கேள்விதான். முதலாளிகளும் இதையே கேட்பார்கள், கொஞ்சம் கோபமாக.

அந்த நட்டத்தை உங்கள் கணக்குப் பதிவு உண்டாக்குவதில்லை. அந்த மெஷினில் செய்த பாகத்தை வாங்கிக்கொண்டிருந்த ஒரே வாடிக்கையாளர் வேறு வடிவமைப்புக்கு மாறினாரே, அன்றைக்கே நட்டம் நடந்துவிட்டது. பேரேடு மட்டும் பழைய எண்ணைச் சுமந்துகொண்டிருக்கிறது. மதிப்பைக் குறைத்து எழுதுவது என்றால், நடந்துவிட்டதை ஏட்டிலும் ஏற்றுவது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் வெளியிலிருந்து யாராவது சத்தம் போடுவார்கள். பங்கின் விலை விழும், முதலீட்டாளர்கள் கேள்வி கேட்பார்கள். தனியார் நிறுவனத்தில் அந்தச் சத்தம் கிடையாது. சொத்தை வாங்கியவரும், அதன் மதிப்பைத் தீர்மானிப்பவரும், அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அதனால் ஊதிப்போன எண் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு கடன் கேட்டுப் போகும்போதோ, பார்ட்னர் விலகும்போதோ, கம்பெனியை விற்க வரும்போதோ ஒரேயடியாக வெடிக்கும். கேட்க ஆளில்லாத இடத்தில், ஆண்டுதோறும் தானாக நடக்கிற ஒரு நடைமுறையைத்தான் நம்ப முடியும். அதை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

யாருக்கு இதனால் என்ன பயன்

முதல் பயன் முதலாளிக்குத்தான். அடக்கத்துக்கும் கீழே போய்விட்ட சரக்கை முழு மதிப்பில் காட்டினால் லாபம் வருவதுபோலத் தெரியும். அந்த லாபத்தை நம்பி அவர் ஆள் எடுப்பார், கையிலிருந்து பணம் எடுப்பார், இன்னொரு மெஷினுக்கு முன்பணம் கொடுப்பார். பணம் உள்ளே வராது. "லாபம் இருக்கிறது, பேங்கில் பணம் இல்லையே" என்ற புலம்பலைக் கேட்டால் சரக்கிருப்பையும் கடனாளிகளையும் (நமக்குப் பணம் தர வேண்டிய வாடிக்கையாளர்களை) முதலில் திறந்து பாருங்கள். பல நேரம் விடை அங்கேதான் இருக்கும்.

அடுத்தது பார்ட்னர்கள். ஏட்டு மதிப்பில் பங்கைக் கணக்கிட்டு விலகிக்கொள்ளலாம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். சொத்து ஊதியிருந்தால், விலகுபவர் இல்லாத மதிப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு போவார். இருப்பவர்கள் அதைச் சுமப்பார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவர் விலகப் போகிறார் என்று தெரிந்தவுடன் அவசர அவசரமாக எல்லாவற்றையும் குறைத்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அநியாயம். யாரும் விலகாத ஆண்டுகளிலும் ஒரே முறையில் மதிப்பிட்டு வந்திருந்தால் இந்தச் சண்டையே வராது.

மூன்றாவது லாபப் பங்கு. சேர்ந்திருக்கும் லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் தரலாம் என்று பல நாடுகளின் கம்பெனிச் சட்டங்கள் சொல்கின்றன. மதிப்பிழந்த சொத்தைக் குறைக்காமல் விட்டு, இல்லாத லாபத்தைப் பங்கிட்டால், பின்னால் கம்பெனி நொடிக்கும்போது டைரக்டர்களே சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டி வரலாம். கடன் கொடுத்தவர்களுக்குப் போயிருக்க வேண்டிய பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றுதான் அதைப் பார்ப்பார்கள்.

தேய்மானம் போதாதா?

போதாது. தேய்மானம் என்பது வாங்கிய விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவது. வாங்கும்போதே போட்ட திட்டம் அது. திட்டத்தில் இல்லாத அடி விழும்போதுதான் மதிப்புக் குறைப்பு வருகிறது. தவிர, சரக்குக்கும் கடனாளிகளுக்கும் தேய்மானமே கிடையாது; அவற்றைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

படி 1: எந்த விதியின்படி கணக்கு எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள்

ஆடிட்டரிடம் ஒரு நிமிடக் கேள்வி இது, ஆனால் விடை எல்லாவற்றையும் மாற்றும். சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்றே ஒரு தனித் தரநிலையை 2009-ல் வெளியிட்டது. அதில் சரக்கிருப்பு 13-ம் பகுதியிலும், சொத்துகளின் மதிப்புக் குறைப்பு 27-ம் பகுதியிலும் இருக்கின்றன. அதன் மூன்றாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அது நடைமுறைக்கு வருகிறது. முழு அளவிலான சர்வதேசத் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு ஐ.ஏ.எஸ். (சர்வதேசக் கணக்கியல் தரநிலை) 36 மதிப்புக் குறைப்புக்கும், ஐ.ஏ.எஸ். 2 சரக்கிருப்புக்கும் பொருந்தும். சில நாடுகளுக்குச் சொந்த விதிகள் உண்டு. இங்கே நான் சொல்வது முதலில் சொன்ன சிறு நிறுவனத் தரநிலையின் போக்கில் இருக்கும். முக்கியமாக மாறும் இடங்களைக் குறிப்பிடுகிறேன்.

படி 2: சொத்துப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள்

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. நிலைச் சொத்துப் பதிவேட்டை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே உள்ள பொருள் இருக்கிறதா, ஓடுகிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று அதை இயக்குபவரிடமே கேளுங்கள். பதிவேட்டில் இருந்து, தரையில் இல்லாத பொருட்கள் எத்தனையோ கிடைக்கும். அவற்றுக்கு எந்தக் கணக்கீடும் வேண்டாம்; மீதி மதிப்பை அப்படியே போக்கெழுதிவிடலாம், அதாவது முழுவதையும் நட்டமாக எழுதிக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

எல்லாச் சொத்துக்கும் ஒவ்வொரு ஆண்டும் முழுக் கணக்குப் போட வேண்டியதில்லை. மதிப்பு இறங்கியிருக்கலாம் என்பதற்கான அறிகுறி இருக்கிறதா என்று மட்டும் ஆண்டு முடிவில் பார்க்க வேண்டும். இருந்தால்தான் அடுத்த படி. வெளியிலிருந்து வரும் அறிகுறிகள்: அந்தப் பொருளின் சந்தை விலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக விழுந்திருப்பது, தொழில்நுட்பம் மாறியிருப்பது, சட்டம் மாறியிருப்பது, வட்டி விகிதம் கணிசமாக ஏறியிருப்பது. வட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வட்டி ஏறினால் நாளை வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு குறையும். சொத்தில் ஒரு கீறலும் விழாமலேயே அதன் மதிப்பு இறங்கும்.

உள்ளுக்குள் பார்க்க வேண்டியவை: உடைந்தது, சும்மா கிடப்பது, மூடப்போகும் பிரிவில் இருப்பது, எதிர்பார்த்த வருமானத்தைத் தராதது. சின்னக் கம்பெனியில் இதைவிடக் கூர்மையான அறிகுறி ஒன்று உண்டு. ஒரே வாடிக்கையாளருக்காக வாங்கிய சொத்து எது, அந்த வாடிக்கையாளர் இன்னும் ஆர்டர் தருகிறாரா? விற்பனைப் பிரிவில் உள்ளவரிடம் கேட்டால் நொடியில் பதில் வரும். கணக்குப் பிரிவு அவரிடம் கேட்பதேயில்லை என்பதுதான் சங்கடம்.

படி 3: சரக்கிருப்பு

இங்கிருந்து தொடங்குவது நல்லது. எளிது, அடிக்கடி வருவதும் இதுதான். விதி: அடக்க விலை, அல்லது விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அது.

ஒரு பொருள் 500 எண்ணிக்கை இருக்கிறது, அடக்கம் ஒன்றுக்கு 400. இப்போது 350-க்குத்தான் போகும். பேக்கிங், கமிஷன் சேர்த்து 30 செலவாகும். கையில் நிற்பது 320. ஒன்றுக்கு 80 குறைவு, மொத்தம் 40,000 குறைத்து எழுத வேண்டும்.

மூன்று இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, மொத்தச் சரக்கையும் சேர்த்துப் பார்ப்பது. "இதில் 40,000 போனால் என்ன, அந்தப் பொருளில் 60,000 லாபம் நிற்கிறதே" என்று ஈடுகட்டக் கூடாது. ஒவ்வொரு பொருளாகவோ, ஒரே மாதிரியான பொருட்களின் தொகுதியாகவோதான் பார்க்க வேண்டும். இரண்டு, மூலப்பொருளின் விலை விழுந்ததும் அதைக் குறைத்துவிடுவது. அந்த மூலப்பொருளால் செய்யும் பண்டம் அடக்கத்துக்கு மேலேயே விற்கும் என்றால் மூலப்பொருளைத் தொட வேண்டியதில்லை. மூன்று, விலையை மட்டும் பார்த்துவிட்டு வேகத்தைப் பார்க்காதது. விலைப்பட்டியலில் 600 என்று இருக்கும்; கடந்த ஓராண்டில் ஒன்றுகூட விற்றிருக்காது. கடைசியாக விற்ற தேதியை ஸ்டாக் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். தூசி படிந்த சரக்கு எல்லாம் மேலே வந்து நிற்கும்.

படி 4: வரவேண்டிய பணம்

கடனாளிகளை வயது வாரியாகப் பிரியுங்கள்: 30 நாள் வரை, 60 வரை, 90 வரை, 180 வரை, அதற்கு மேல். பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியாக எப்போது பணம் வந்தது, என்ன தகராறு, ஆள் தொடர்பில் இருக்கிறாரா என்று பாருங்கள். வராது என்பது உறுதியானால் போக்கெழுதலாம். சந்தேகம் மட்டும்தான் என்றால் ஐயக்கடன் ஒதுக்கு, அதாவது வராமல் போகலாம் என்ற தொகையை முன்கூட்டியே நட்டமாக ஒதுக்கி வைப்பது. 180 நாள் தாண்டிய எல்லாவற்றுக்கும் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு விழுக்காடு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் வாரியாகப் பார்த்த பட்டியல்தான் ஆடிட்டர் முன் நிற்கும்.

ஆண்டு முடிந்து, கணக்கில் கையெழுத்தாவதற்குள் ஒரு வாடிக்கையாளர் திவாலானால், அவர் ஆண்டு முடிவிலேயே நொடித்த நிலையில் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று. முடிந்த ஆண்டின் கணக்கிலேயே குறைக்க வேண்டும். அதே இடைவெளியில் உங்கள் குடோனில் தீப்பிடித்தால் கதை வேறு. ஆண்டு முடிவன்று சரக்கு நன்றாகத்தான் இருந்தது. அந்த நட்டம் அடுத்த ஆண்டுக்கு உரியது. பெரிய தொகை என்றால் இந்த ஆண்டு அறிக்கையில் குறிப்பாக மட்டும் சொல்ல வேண்டும்.

இனி, யாரும் பேச விரும்பாத வரி. "உறவினர் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன்", "டைரக்டருக்குக் கொடுத்த முன்பணம்", "சகோதர நிறுவனத்தில் முதலீடு". சிறிய தனியார் நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் சாரமே இல்லாத சொத்து பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். வட்டி கிடையாது, தவணை கிடையாது, எழுத்தும் கிடையாது. மைத்துனரின் கம்பெனி எப்போதோ கதவடைத்திருக்கும், ஆனால் தொகை ஆண்டுதோறும் அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போகும். இதைக் குறைத்து எழுதச் சொன்னால், குடும்பத்தில் ஒருவர் பணத்தைத் திருப்பித் தரமாட்டார் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதாக முதலாளி நினைக்கிறார். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் அதைத் தனியாகச் சுமக்கவும் கூடாது. எளிய வழி ஒன்று உண்டு: அந்த நிறுவனத்தின் கடைசி இருப்புநிலைக் குறிப்பையும், பாக்கியை ஒப்புக்கொண்டு அவர்கள் தரும் கடிதத்தையும் கேளுங்கள். இரண்டும் வந்தால் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். வராவிட்டால், வரவில்லை என்பதே ஆடிட்டரிடம் பேசப் போதுமான காரணம். ஐயக்கடன் ஒதுக்கு வைப்பதால் கடனை மன்னித்துவிட்டதாக ஆகாது, கேட்கும் உரிமை அப்படியே இருக்கும் என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் பேச்சு இலகுவாகும்.

படி 5: இயந்திரம் போன்ற நிலைச் சொத்துகள்

அறிகுறி தெரிந்த சொத்துக்கு இப்போது இரண்டு எண்கள் வேண்டும். இன்று விற்றால் விற்பனைச் செலவு போக என்ன நிற்கும்? விற்காமல் வைத்து ஓட்டினால், அது தரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு என்ன? இரண்டில் எது அதிகமோ, அதுதான் மீளப்பெறத்தக்க தொகை. அதிகமானதை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: புத்தியுள்ள முதலாளி விற்பதா வைத்துக்கொள்வதா என்று பார்த்து, தனக்கு அதிகம் தரும் வழியைத்தானே எடுப்பார்? அந்தத் தொகை ஏட்டு மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் நட்டம்.

முன்னே சொன்ன மெஷினையே எடுத்துக்கொள்வோம். விலை 10,00,000; ஆயுள் 10 ஆண்டு; நேர்கோட்டு முறையில் தேய்மானம், ஆண்டுக்கு 1,00,000. நான்கு ஆண்டு ஓடிவிட்டது, ஏட்டு மதிப்பு 6,00,000. முக்கிய வாடிக்கையாளர் போய்விட்டார்.

பழைய மெஷின் வாங்குபவர் எழுத்தில் கொடுத்த விலை 2,60,000. கழற்றி, ஏற்றி அனுப்ப 20,000 ஆகும். விற்றால் நிற்பது 2,40,000.

ஓட்டினால்? சில்லறை ஆர்டர்களை வைத்து மூன்று ஆண்டுகள் ஓட்டலாம் என்று உற்பத்திப் பிரிவு சொல்கிறது. செலவு போக முதல் ஆண்டு 1,20,000, இரண்டாம் ஆண்டு 1,00,000, மூன்றாம் ஆண்டு 80,000 வரும். கடைசியில் பழைய இரும்பாக 50,000. இதுபோன்ற தொழிலில் இவ்வளவு ஆபத்துக்கு முதலீட்டாளர் 12% எதிர்பார்ப்பார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுத் தொகையை 1.12-ஆல் வகுத்தால் 1,07,143. இரண்டாம் ஆண்டை 1.2544-ஆல் வகுத்தால் 79,719. மூன்றாம் ஆண்டின் 80,000-மும் 50,000-மும் சேர்ந்த 1,30,000-ஐ 1.4049-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 92,531. கூட்டினால் 2,79,393.

2,40,000, 2,79,393 இரண்டில் பெரியது பின்னது. ஏட்டில் இருக்கும் 6,00,000-லிருந்து அதைக் கழித்தால் நட்டம் 3,20,607.

கணக்கு எளிது, உள்ளே போடும் எண்கள்தான் சிக்கல். கடன் வட்டியையும் வருமான வரியையும் இந்தப் பணவரவிலிருந்து கழிக்காதீர்கள். வட்டியைக் கழித்துவிட்டுத் தள்ளுபடி விகிதமும் (நாளைய பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் அந்த 12%) போட்டால் ஒரே செலவை இரண்டு முறை எடுத்ததாகிவிடும். விகிதமும் வரிக்கு முந்தையதாக இருக்கட்டும். "அடுத்த ஆண்டு புது மோட்டார் போட்டால் உற்பத்தி கூடும்" என்பது போன்ற, இன்னும் உறுதியாகாத மேம்பாடுகளைச் சேர்க்கக் கூடாது. சொத்து இன்று இருக்கும் நிலையில் என்ன தரும் என்பதே கேள்வி. போன ஆண்டு பட்ஜெட்டில் எழுதிய விற்பனையையும் உண்மையில் நடந்த விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்போதும் மூன்றில் இரண்டு பங்குதான் நடக்கிறது என்றால், இந்த ஆண்டின் பட்ஜெட்டையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

சொத்து தனியாகப் பணம் ஈட்டாவிட்டால்

ஒரு குளிர்சாதனமோ, ஒரு மேசையோ, வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு மெஷினோ தனியாக வருமானம் தராது. அப்போது, தனக்கென்று பணவரவு உள்ள மிகச் சிறிய தொகுதியாக எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். சின்னக் கம்பெனியில் பல நேரம் முழுக் கம்பெனியே ஒரு தொகுதியாக இருக்கும்.

தொகுதியின் ஏட்டு மதிப்பு 12,00,000 என்று கொள்வோம்: மெஷின்கள் 8,00,000, மற்ற சாதனங்கள் 3,00,000, வேறொரு தொழிலை வாங்கியபோது வந்த நற்பெயர் (goodwill, அதன் சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) 1,00,000. மீளப்பெறத்தக்கது 9,00,000. நட்டம் 3,00,000. இதில் முதல் அடி நற்பெயருக்கு. அந்த 1,00,000 முழுவதும் போய்விடும். மிச்சம் 2,00,000-ஐ 8-க்கு 3 என்ற விகிதத்தில் பிரித்தால் மெஷின்களுக்கு 1,45,455, சாதனங்களுக்கு 54,545. ஆனால் எந்தச் சொத்தையும் அதை இன்று விற்றால் நிற்கும் தொகைக்குக் கீழே இறக்கக் கூடாது.

நற்பெயரில் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐ.ஏ.எஸ். 36-ன் கீழ் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் சோதனை உண்டு. சிறு நிறுவனத் தரநிலையில் நற்பெயரைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவார்கள். ஆயுளை நம்பகமாகக் கணிக்க முடியாவிட்டால் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தனியார் நிறுவனங்களுக்கும் 10 ஆண்டுக்குள் கரைத்துக்கொள்ளும் வாய்ப்பு 2014 முதல் இருக்கிறது. ஆண்டுதோறும் மதிப்பீட்டாளரை வைத்துச் சோதிப்பது சின்னக் கம்பெனிகளுக்குத் தாங்க முடியாத செலவு என்பதே இந்தச் சலுகைகளுக்குப் பின்னால் உள்ள நியாயம்.

படி 6: பதிவு

மதிப்புக் குறைப்பு நட்டக் கணக்கில் பற்று 3,20,607. குவிந்த மதிப்புக் குறைப்புக் கணக்கில் வரவு 3,20,607. மெஷின் கணக்கிலேயே நேராகக் கழிக்காமல் தனிக் கணக்கு வையுங்கள். வாங்கிய விலை, சேர்ந்த தேய்மானம், சேர்ந்த குறைப்பு மூன்றும் தனித்தனியே தெரிந்தால்தான் பிற்பாடு குறைப்பைத் திருப்பி ஏற்றும்போது கணக்குப் பிடிபடும். சொத்தை முன்பே மறுமதிப்பீடு செய்து உயர்த்தி, அதற்கான உபரி இருந்தால், நட்டம் முதலில் அந்த உபரியைத் தின்னும். மீதிதான் லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

தேய்மானத்தையும் உடனே மாற்ற வேண்டும். புது ஏட்டு மதிப்பு 2,79,393, இறுதி மதிப்பு 50,000, ஆயுள் மூன்று ஆண்டு. இனி ஆண்டுக்கு 76,464. மென்பொருளில் சொத்து அட்டையைத் திறந்து ஆயுளையும் இறுதி மதிப்பையும் கையால் மாற்றாவிட்டால், அது பழைய 1,00,000-ஐயே போட்டுக்கொண்டிருக்கும்.

படி 7: பேங்க், வரி

பதிவைப் போடுவதற்கு முன்பே கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நம் கம்பெனியின் மொத்தச் சொத்து 50,00,000, கடன் 30,00,000, சொந்த மூலதனம் 20,00,000 என்று வைப்போம். கடனுக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதம் 1.5. மெஷினைக் குறைத்த பிறகு மூலதனம் 16,79,393, விகிதம் 1.79. ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 1.75 என்றிருந்தால், ஒரு தவணையும் தவறாமல் கட்டிவரும் கம்பெனி நிபந்தனையை மீறியதாகிவிடும். பேங்க் நினைத்தால் முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை கிடைக்கும்.

இதனால்தான் பலர் குறைக்காமல் மறைக்கிறார்கள். மறைப்பது தப்பு, ஆபத்தும் அதில்தான் அதிகம். ஆண்டு முடிவதற்குள் பேங்க் அதிகாரியிடம் நேரில் போய், காரணத்தையும் கணக்கையும் காட்டி, இந்த நட்டத்தில் பணம் எதுவும் வெளியே போகவில்லை என்பதை விளக்கி, நிபந்தனையைத் தளர்த்தும் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் ஆண்டு முடிவுத் தேதிக்கு முன்பே கையில் இருப்பது முக்கியம். ஐ.எஃப்.ஆர்.எஸ். (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) விதிகளின்படி, பிறகு வந்தால் நீண்டகாலக் கடனையே நடப்புக் கடனாக, அதாவது ஓராண்டுக்குள் கட்ட வேண்டியதாக, காட்ட நேரிடும்.

வரியைப் பொறுத்தவரை ஒன்றை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குறைத்து எழுதிய தொகை முழுவதும் இந்த ஆண்டே வரியில் கழியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல நாடுகளில் இயந்திரங்களுக்கு வரிச் சட்டமே தனித் தேய்மான விகிதம் வைத்திருக்கிறது. உங்கள் ஏட்டில் போட்ட குறைப்பை அது கண்டுகொள்ளாது, சொத்தை விற்கும்போதோ பழைய இரும்பாகத் தள்ளிவிடும்போதோதான் பலன். சரக்குக் குறைப்பு சான்று இருந்தால் பெரும்பாலும் ஏற்கப்படும். வாராக்கடனுக்கு, உண்மையிலேயே போக்கெழுதியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். வரியை மிச்சம் பிடிக்கவே இதைச் செய்கிறோம் என்று யாராவது சொன்னால், அவர் காரணத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

தனியார் நிறுவனத்தில் எண்ணைவிட அதன் பின்னால் உள்ள காகிதம் முக்கியம். மெஷினுக்கு: வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்திய மின்னஞ்சல், பழைய மெஷின் வாங்குபவரின் விலைக் கடிதம், பணவரவுக் கணக்குத் தாள், 12% எப்படி வந்தது என்று இரண்டு வரி, டைரக்டர்கள் முடிவெடுத்த கூட்டக் குறிப்பு. எல்லாவற்றிலும் தேதி வேண்டும். ஆறு மாதம் கழித்து யாரோ தயாரித்த தாளுக்கும் அன்றே எழுதிய தாளுக்கும் உள்ள வித்தியாசம் ஆடிட்டருக்கு உடனே தெரியும்.

அளவுக்கு மீறிக் குறைப்பதையும் இந்தக் காகிதம்தான் தடுக்கும். புதிதாக நிர்வாகத்துக்கு வருபவர்கள் பழைய சொத்துகளைத் தரைமட்டமாக்கிவிட்டு, அடுத்த ஆண்டு குறைந்த தேய்மானத்தில் நல்ல லாபம் காட்டுவார்கள். முன்னெச்சரிக்கை என்ற பெயரில் செய்தாலும் அது பொய்க் கணக்கே. ஊதிப்போன எண் கடன் கொடுத்தவரை ஏமாற்றுகிறது. வேண்டுமென்றே அமுக்கிய எண் பங்கை விற்றுவிட்டுப் போகிறவரை ஏமாற்றுகிறது.

படி 8: அடுத்த ஆண்டு திரும்பிப் பாருங்கள்

குறைத்ததோடு வேலை முடியவில்லை. காரணம் நீங்கிவிட்டதா என்று ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் பார்க்க வேண்டும். நற்பெயரில் குறைத்தது குறைத்ததுதான், திரும்ப ஏற்ற முடியாது. அமெரிக்க விதிகளில், பயன்பாட்டில் வைத்திருக்கும் இயந்திரத்தையும் ஏற்ற முடியாது. சர்வதேசத் தரநிலைகளில் இயந்திரத்துக்கும் சரக்குக்கும் அனுமதி உண்டு, ஒரு உச்சவரம்போடு.

நம் மெஷினுக்கே ஓராண்டில் புது வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார், அதன் மீளப்பெறத்தக்க தொகை 5,60,000 ஆகிவிட்டது என்று கொள்வோம். இப்போது ஏட்டில் இருப்பது 2,79,393-லிருந்து 76,464 போக 2,02,929. குறைப்பே நடந்திருக்காவிட்டால் இன்று ஏட்டு மதிப்பு 5,00,000 ஆக இருந்திருக்கும். ஆகவே 5,60,000 வரை போகக் கூடாது. 5,00,000-த்தோடு நிறுத்த வேண்டும். திருப்பி எழுதுவது 2,97,071. அது லாப நட்டக் கணக்கில் வரவாக வரும், ஆனால் சந்தையில் சம்பாதித்த லாபம் அதில் ஒரு பைசாவும் கிடையாது. அதனால் அறிக்கையில் தனி வரியாகக் காட்டுங்கள். அன்றைக்கே சொத்து அட்டையைத் திறந்து மிச்ச ஆயுளை மறுபடி மதிப்பிட்டு, தேய்மானத்தை 5,00,000-லிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.